பெரிய மாமியார் ஆறு மணிக்குச் சாகிறாள்

பானுமதி அழுதார். முப்பது வருஷமாக அழுது பழகியவர், அதனால் நன்றாகவே அழுதார். மூக்கு ஒழுகவில்லை, மை கலையவில்லை. ஒரே ஒரு சொட்டு இடது கன்னத்தின் பாதி வரைக்கும் வந்து, யாரோ ‘கட்’ சொன்ன மாதிரி நின்றது. நான் அழுதால் முதலில் மூக்கு, அப்புறம் சட்டை, கடைசியில்தான் கண். என் கல்யாண வீடியோவில் ஆதாரம் இருக்கிறது.

"இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு என்னைச் சாகடிக்கப் போறாங்க மேடம்."

கொலை கேஸ்! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நஜ்முன்னிசா அக்கா நிமிரவில்லை.

"சீரியல்லயா?"

"சீரியல்லதான்."

நான் மறுபடி சாய்ந்து கொண்டேன்.

தாராவியில் ஒரு தோல்பை பட்டறைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறவர் நஜ்முன்னிசா அக்கா. நான் இசக்கி, அவருடைய அசிஸ்டென்ட். ஆபீஸின் மூளை அக்காவுடையது, கால் என்னுடையது. வாயும் என்னுடையதுதான், ஆனால் அதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.

பானுமதியை உங்களுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. இந்தி சீரியலில் டீ டிரேயை வைத்துவிட்டுப் போன வேலைக்காரி அவர்தான். பேச்சுக்குப் பேச்சு ‘ஐயோ’ போட்ட மதராசி ஆயா அவர்தான். மகள் கல்யாணத்தன்று இருமியே செத்துப்போன அம்மா, பாலில் எதையோ கலப்பதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரி, எல்லாம் அவரேதான். தாராவியில் பிறந்து, கூட்டத்தில் ஒருத்தியாக நின்று, தலை நரைத்த பிறகுதான் கேமரா அவர் முகத்துக்கு நேராக வந்தது. இப்போது எட்டு மணி சீரியலின் பெரிய மாமியார். அந்த நேரத்தில் என் மனைவி கையில் கரண்டியோடுதான் டி.வி. முன்னால் உட்காருவாள். ஒருநாள் மாமியாருக்கு வீசிய கரண்டி குறி தவறி என்மேல் விழுந்தது. அவ்வளவு நல்ல நடிகை.

"மாமியாரைச் சாகடிக்க விஷம், ஆக்சிடென்ட் ஒன்னும் வேண்டாம் மேடம். ஆறு மணி ஷூட்டிங்குல என் போட்டோவைச் சுவத்துல மாட்டி, சந்தன மாலை போட்டு, மருமக விளக்கேத்திட்டா முடிஞ்சுது. மாலை விழுந்த போட்டோவுக்கு யாரும் கால்ஷீட் கேக்க மாட்டாங்க. என் வயசுல இன்னொரு வேஷம் வராது. இதான் கடைசி." குரல் உடைந்தது. சரியான இடத்தில் உடைந்தது.

காரணம், பத்து நாளாக பம்பாய் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீடியோ. செம்பூரில் அவர் வீட்டில், நாங்கள் உட்கார்ந்திருந்த இதே ஹாலில் பானுமதி தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணை ஓங்கி அறைகிறார். பளார்! பெண்ணின் முகம் நம் பக்கம் திரும்பி அப்படியே நிற்கிறது. ‘நிஜத்திலும் மாமியார்தான்’ என்று கீழே இந்தியில் எழுதி, யாரோ ஊர் பேர் இல்லாத கணக்கிலிருந்து போட்டிருந்தார்கள். அந்தப் பளார் சத்தத்தைக் கேட்டு என் மனைவியே கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது ரிகர்சல் மேடம். மாரிசெல்விக்கு நடிப்பு ஆசை. நான் சொல்லிக் குடுத்தேன். அவ போன்லதான் எடுத்தோம். யார் திருடிப் போட்டாங்களோ!"

அக்கா வீடியோவை மறுபடி ஓட்டினார். "அடிக்கறதுக்கு முன்னாடி அரை அடி தள்ளி நிக்கிறீங்க."

"அப்பதானே பொண்ணு முகம் கேமராவுல விழும்? கோவத்துல அடிக்கிறவளுக்கு அதெல்லாம் தோணுமா?"

"கை படுமா?"

"படவே படாது. கை காத்துல போகும், வாங்குறவ தலையைத் திருப்பணும். சத்தத்தைப் பின்னாடி சேத்துக்குவாங்க. இதையெல்லாம் நான் சொன்னா யார் நம்புறா? நான் மாமியார். அவ வாயால சொல்லணும். வீடியோ வந்த அன்னைக்கே ஓடிட்டா, போனும் பந்த். ஆறு மணிக்குள்ள அவளைக் கொண்டாந்து நிறுத்துங்க மேடம்."

"வீடு எங்க?"

"தாராவில எங்கயோ."

"எத்தனை நாளா உங்ககிட்ட வேலை பாத்தா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. சட்டென்று உபசாரம் ஞாபகம் வந்தது. "டீ சாப்பிடுங்க. ஆனா நான் அடுக்களைப் பக்கமே போறதில்ல, கேஸ் பத்தவைக்கக்கூடத் தெரியாது. தம்பி, நீயே போட்டுக்கயேன். மேடத்துக்குப் பீங்கான் கப்பு. உனக்கு ஜன்னல்ல ஒரு டம்ளர் இருக்கும் பாரு, அதை எடுத்துக்க."

ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு டம்ளரும் தட்டும் தனியாக இருந்தன, மாரிசெல்வியுடையவை. புறா அதில் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்திருந்தது. ஒருத்தி ரெண்டு வருஷம் இந்த வீட்டுப் பாத்திரமெல்லாம் தேய்த்துவிட்டுத் தன் டம்ளரை வெளியே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்குத் தாகம் போய்விட்டது.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு தமிழ்க் காலண்டர், நாள்தோறும் தாள் கிழிக்கும் ரகம். எதற்கும் இருக்கட்டும் என்று ராசிபலன் பார்த்தேன். துலாம், அலைச்சல். பலனுக்கு மேலே கடைப் பெயர்: கரீம் பாட்சா ஸ்டோர், நைன்ட்டி ஃபீட் ரோடு, தாராவி.

"அக்கா! இந்தம்மா அடுக்களைக்கே வர மாட்டாங்க, மளிகைக் கடைக்கா போவாங்க? தாராவி கடைக் காலண்டர் இங்க எப்படி வரும்? அந்தப் புள்ள கொண்டாந்ததுதான்!"

அக்கா வந்து காலண்டரை ரொம்ப நேரம் பார்த்தார். "சபாஷ்," என்றார். அதில் ஏதோ உப்பு குறைந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

~

வழியில் மாட்டுங்காவில் இறங்கினோம். சீரியலை நடத்துகிற சுரேந்திரன் ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் ரசவடை சாப்பிட்டுக் கொண்டிருந்தார். எதிரே சாம்பார் வாளியில் சாய்த்து, சட்டம் போட்ட பானுமதியின் போட்டோ இரண்டு.

"வாங்கோ, உக்காருங்கோ. சார், நீங்களே சொல்லுங்கோ, செத்ததுக்கு எது எடுப்பா இருக்கும்? இதுல சிரிக்கறா. அதுல கொஞ்சம் சோகமா இருக்கா. என் ஒய்ஃப் சிரிக்கறதையே மாட்டுங்கறா."

"உயிரோட இருக்குறவங்க சார்," என்றேன்.

"நன்னா இருக்கட்டுமே! நானா கொல்றேன்? கதைதானே கொல்றது." அவர் விரல் கண்ணாடியில் பட்டுப் பானுமதியின் நெற்றியில் சட்னி ஒட்டியது. கைக்குட்டையால் பொட்டு இருந்த இடத்தில் துடைத்தார். எனக்கு வடை இறங்கவில்லை. பில் அவருடையது, அப்படியும் இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வீடியோவாலதான் எடுக்கறீங்களா?" அக்கா கேட்டார்.

"வெளில அப்படித்தான் சொல்றோம். உங்களுக்கென்ன, சொல்றேன். அவாளை முடிச்சுடணும்னு போன மாசமே தீர்மானம் பண்ணியாச்சு. ஜனங்களுக்கு அலுத்துப் போச்சு. அவாகிட்டயும் சொல்லிட்டேன். அப்புறம்தான் இந்த வீடியோ வந்தது. வந்ததும் எல்லாரும் மறுபடி பாக்க ஆரம்பிச்சுட்டா, திட்டிண்டே பாக்கறா. அந்தப் பொண்ணு கேமரா முன்னாடி வந்து, எல்லாம் பொய், ஆன்ட்டி தெய்வம்னு அழுதாள்னு வச்சுக்கோங்கோ, இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம். மாமியாருக்கு மறுபிறப்பு. ஆறு மணி வரைக்கும் டயம். வரலேன்னா மாலை."

இலையில் கடைசி வடையை இரண்டாகப் பிட்டார். அக்கா எழுந்துவிட்டார். தெருவுக்கு வந்ததும் குழாயடியில் கையை அலம்பினார். அவர் எதையும் சாப்பிடவே இல்லை.

~

கரீம் பாட்சா ஸ்டோரில் கேட்ட மறுநொடியே வழி கிடைத்தது. "மாரிசெல்வியா? அந்தா, ரெண்டாவது சந்துல பச்சை ஏணி. அம்மாக்காரி மாவு அரைக்கப் போயிருப்பா, பொண்ணு இருப்பா." இவ்வளவு சுலபமாக ஒரு கேஸ் நகர்ந்ததே இல்லை. என் திறமையை நினைத்து எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இரும்பு ஏணி ஏறினால் ஒரு கோலி, அதாவது ஒற்றை அறை வீடு. நாலு பேர் நின்றால் ஐந்தாமவர் ஏணியில். மாரிசெல்வி பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சல்வாரில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயது இருக்கலாம். எங்களைப் பார்த்ததும் சுத்தமான இந்தியில் ஆரம்பித்தாள். ஆன்ட்டி என்னை ஒருநாளும் அடித்ததில்லை, அது நடிப்புப் பயிற்சி, அவர் எனக்குத் தாய் மாதிரி. ‘தாய்’ வந்ததும் ஒரு சொட்டு இடது கன்னத்தில் இறங்கிப் பாதியில் நின்றது.

"யம்மா, நாங்க யாருன்னே இன்னும் சொல்லலையே," என்றார் அக்கா.

பெண்ணின் முகம் சுண்டிப் போயிற்று.

நிலைமையை இலகுவாக்குவது என் பொறுப்பு. அவள் இடது பக்கம் உட்கார்ந்து, "ஏ புள்ள, இந்த அழுகையை எம்பொண்டாட்டிக்கும் சொல்லிக் குடேன், பவுடர் செலவாவது மிஞ்சும்," என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழகான பெண்கள் என் ஜோக்குக்குச் சிரிக்காதது எனக்குப் புதிதில்லை, அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா எடுத்துக்கொண்டார். அலமாரியில் இருந்த குக்கர் மூடியை எடுத்து, பெண்ணின் இடது தோளுக்குப் பின்னால் தரையில் போட்டார். நான் துள்ளினேன். பக்கத்து வீட்டில் தூங்கிய குழந்தை அழுதது. மாரிசெல்வி, தரை அதிர்ந்த பிறகு, தலையை முழுசாகத் திருப்பி வலது காதால் தேடினாள்.

முடிக்கு அடியில், இடது காதில் பஞ்சு.

"சளிதான்க்கா. அம்மைட்டயும் அப்படித்தான் சொல்லிருக்கேன்," என்றாள், இப்போது சொந்தத் தமிழில்.

அக்கா அவள் வலது பக்கம் போய் உட்கார்ந்து காதருகே மெதுவாக ஏதோ கேட்டார். மாரிசெல்வி அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை முதலில் மூக்கு ஒழுகியது.

~

செம்பூர் ஹாலுக்குத் திரும்பியபோது ஐந்தரை. சுரேந்திரன் கேமராக்காரரோடு வந்து லைட் போட்டிருந்தார். பானுமதி சாயம் போன பருத்திப் புடவைக்கு மாறியிருந்தார். ‘மேக்கப் போடாத’ மேக்கப்புக்கு ரொம்ப நேரம் பிடித்திருக்கும். மாரிசெல்வியைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தார்.

"வந்துட்டியா கண்ணு! உண்மையைச் சொல்லிடு!"

"ஒரு நிமிஷம்," என்றார் அக்கா. "கேமராவை அணைங்க. பானுமதியம்மா, நீங்க அடுக்களைக்குப் போறதில்ல."

"போறதே இல்ல."

"இந்தப் பொண்ணு போயி பத்து நாளாச்சு. வேற வேலைக்காரி வரல."

"வரல. அதுக்கென்ன?"

"அப்ப காலண்டர்ல இன்னைய தேதி வரைக்கும் கிழிச்சது யாரு?"

நான் படித்த அலைச்சல் இன்றைய அலைச்சல் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. துப்பைக் கையில் வைத்துக்கொண்டு ராசிபலன் பார்த்தவன் நான்.

"கடைப் பேரு எங்க கண்ணுல படணும்னு அதைக் கதவுல மாட்டுனது நீங்க. மாட்டிட்டு சும்மா விட்டிருக்கலாம். ஆனா நேத்துத் தேதி தொங்குனா நம்ம பொம்பளைங்களுக்குக் கை நிக்காதே! பழைய தாளையெல்லாம் கிழிச்சுட்டீங்க. பொண்ணு எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும். நாங்க போவோம்னு அவளுக்குத் தெரியும். வசனம்கூட மனப்பாடம்."

"நான் எதுக்கு மேடம்…"

"நீங்களே கூட்டியாந்து நிறுத்துனா காசு குடுத்துச் சொல்ல வச்சதா பேசுவாங்க. துப்பறியுறவ தேடிப் பிடிச்சா உண்மை மாதிரி இருக்கும். மொதல்ல நீங்க கெட்டவ, அப்புறம் பழி சுமந்த நல்லவ. போட்டோவுக்கு மாலை வரப்போகுதுன்னு போன மாசமே சுரேந்திரன் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம்தான் வீடியோ. போட்டது யாருன்னு நான் சொல்லணுமா?"

பானுமதியின் கண்ணில் அந்தச் சொட்டு எட்டிப் பார்த்தது. யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டது.

"இதுவரைக்கும் வெறும் நாடகம். சிரிச்சுட்டுப் போயிருப்பேன்," என்றார் அக்கா. "ஆனா காத்துல போன கைக்குப் பளார்னு சத்தம் எப்படி வந்துச்சு? போன்ல எடுத்த வீடியோ. சத்தம் சேக்க ஆளே இல்ல."

மாரிசெல்விதான் பேசினாள், தரையைப் பார்த்தபடி.

"மொதல்ல கை படாமத்தான் அடிச்சாக. போன்ல பாத்தா நம்புற மாதிரி இல்லன்னாக. ஒன் மோர், ஒன் மோர்னு சொல்லிட்டே இருந்தாக. அப்புறம்… பட்டுச்சு. ஙொய்ன்னுது. இப்ப அந்த ஙொய்யும் கேக்கல. சீரியல்ல வேஷம் வாங்கித் தாரேன், அதுவரைக்கும் மூச்சு விடாதேன்னாக."

பானுமதி நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷ இந்தியும் செம்பூரும் கழன்று விழ, உள்ளே இருந்த தாராவிக்காரி வெளியே வந்தாள்.

"ஆமா, அடிச்சேன். எனக்கு மட்டும் பூ போட்டா வேஷம் குடுத்தானுவ? மொத வசனத்துக்கு ஹீரோயினி நெசமாவே அறைஞ்சா. ஒரு வாரம் ஒரு பக்கம் கேக்கல. செட்டே கை தட்டுச்சு. நான் யார்ட்டயாவது சொன்னேனா? அந்த அறைதாம்ளா எனக்கு அடுத்த வேஷம் வாங்கிக் குடுத்துச்சு."

எனக்கு ஒரு கணம் அவர் மேல் இரக்கம் வந்தது. வந்தது வாஸ்தவம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே அந்த டம்ளர் தெரிந்துகொண்டே இருந்தது.

"பிரமாதம்!" என்றது ஒரு குரல். சுரேந்திரன். கண்கள் மின்னின. "காது கேக்காத சின்ன மருமகள்! மாமியார் அடிச்சு செவிடாப் போயிடறா, அப்புறம் அவளே மாமியாரைக் காப்பாத்தறா. அழாத ஆளே இருக்காது. ஏம்மா பொண்ணே, நீ அந்த வசனத்தை மட்டும் இப்ப கேமரால சொல்லிடு. வேஷம் உனக்கு. பானுமதி, நீங்களும் இருக்கேள். மாலை கேன்சல்!"

யாராவது அவரை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். என் கையே கொஞ்சம் துடித்தது, ஆனால் அது ஒரு நாளும் என் பேச்சைக் கேட்டதில்லை.

பானுமதி துள்ளி எழுந்தார். முகத்தில் நிஜமான ஒளி, அன்று முழுக்க அவரிடம் நான் பார்த்த முதல் நிஜம். "பாத்தியாளா! சொன்னேன்ல, ஆன்ட்டி வேஷம் வாங்கித் தருவேன்னு! நில்லு, அந்த லைட்டுல நில்லு. முடியை முன்னால போடு, பஞ்சு தெரியுது."

மாரிசெல்வி லைட்டில் போய் நின்றாள். அவளுக்கு ஆசை இருந்தது. அந்த வெளிச்சத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. அக்கா குறுக்கே போகவில்லை.

"ஆன்ட்டி, மொதல்ல டாக்டர்ட்ட போயிட்டு வந்து சொல்லட்டுமா? நீங்களும் வாரீகளா?"

"ஆறு மணிக்கப்புறம் போலாம் கண்ணு. இப்ப சொல்லு."

மாரிசெல்வி கேமராவைப் பார்த்தாள், பானுமதியைப் பார்த்தாள். பிறகு லைட்டிலிருந்து வெளியே வந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

"இசக்கி, ரிக்‌ஷா பிடி," என்றார் அக்கா.

படியிறங்கும்போது மேலே இருந்து பானுமதியின் கூப்பாடும், "அந்த சந்தன மாலை எங்கப்பா?" என்று சுரேந்திரன் கேமராக்காரரை விசாரிப்பதும் ஒன்றாகவே கேட்டன.

~

சயான் பக்கத்தில் அக்காவுக்குத் தெரிந்த ஒரு காது டாக்டர் இருந்தார். ரிக்‌ஷா டிராஃபிக்கில் ஊர்ந்தது. நான் பேசாததைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று மாரிசெல்வி பத்து நாளாக அணைத்து வைத்திருந்த போனை ஆன் பண்ணினாள். பண்ணியதும் அது அடித்தது. திரையில் ‘பானு ஆன்ட்டி’.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா வெளியே பார்த்தார். "டாக்டர்ட்ட என்ன சொல்லணும்க்கா?" என்று கேட்டாள்.

"நடந்ததை."

போன் விடாமல் அடித்துக் கொண்டிருந்தது. மாரிசெல்வி அதை எடுத்தாள். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். பஞ்சு வைத்த காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, சீட்டில் சாய்ந்தாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள்.

போனுக்குள் ஒரு குரல் கெஞ்சியது, அதட்டியது, அழுதது. என் காதுக்கே லேசாகக் கேட்டது. மாரிசெல்வி நடுநடுவே "ம்… ம்…" என்று சொல்லிக்கொண்டு, ரோட்டோரம் கொய்யாப்பழம் விற்கிறவனை வேடிக்கை பார்த்தாள். சிக்னலில் பச்சை விழும்வரை அந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது.